முதிரையில் சோதித்த கைக்கருவிகள்: தரத்துக்குக் கொடுக்கும் பணம் எங்கே திரும்பி வருகிறது

மட்டக்களப்பு நகரத்திலோ காத்தான்குடியிலோ கல்முனையிலோ ஒரு ஹார்ட்வெயார் கடைக்குள் நுழைந்து ஓர் அங்குல உளி கேட்டால், பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு உளிகளைக் கடைக்காரர் மேசையில் வைப்பார். ஒன்றின் விலை மற்றையதைப்போல நான்கு மடங்காக இருக்கும். இரண்டும் பளபளக்கும், இரண்டின் மீதும் குரோம் வனேடியம் என்று எழுதியிருக்கும், இரண்டும் அன்றைக்கு மரத்தை வெட்டும். அப்படியிருக்க மேலதிகமாகக் கொடுக்கும் பணம் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. ஆரையம்பதியில் நாங்கள் நடத்தும் தச்சுப் பட்டறையில் கதவு, யன்னல், நிலை, அலுமாரி ஆகியவற்றைப் பெரும்பாலும் முதிரை மரத்திலும் தேக்கிலும் செய்கிறோம். அங்கே நாளாந்தம் கைபடும் கருவிகளை வைத்து அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முயல்கிறேன். எல்லாக் கருவிக்கும் பதில் ஒன்றல்ல என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கருவியைச் சோதிப்பதற்கு எங்கள் பிரதேசம் கடுமையான இடம். காய்ந்த தேக்கு ஒரு கன மீற்றருக்கு ஏறத்தாழ 650 கிலோ நிறையுள்ளது; முதிரையோ ஏறத்தாழ 970 கிலோ வரும். தேக்கு இலேசாக வெட்டுப்பட்டாலும் அதனுள் இயற்கையாகவே சிலிக்கா இருப்பதால் கருவியின் கூரை மெல்லமெல்லத் தேய்க்கும். முதிரையின் நார் ஓர் அடுக்கில் ஒரு பக்கமாகவும் அடுத்த அடுக்கில் எதிர்ப்பக்கமாகவும் சாய்ந்து ஓடுவதால், எந்தத் திசையில் இழைத்தாலும் பாதி மரம் எதிர்த்தே நிற்கும். இவை போதாதென்று, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியும் இருக்கும் இந்த ஒடுங்கிய நிலத்தில் உப்புக் காற்றுக்கு ஓய்வில்லை; வாடைக்காற்று மழை தொடங்கிவிட்டால் எண்ணெய் பூசாத இரும்பு ஓரிரவிலேயே சிவந்துவிடும். மென்மையான பைன் மரத்தில் சோதித்து எழுதப்படும் மதிப்பீடுகளை நம்பி இங்கே கருவி வாங்குவது சரிவராது என்பதே என் அபிப்பிராயம்.

முதலில் உளி. உளியின் விலை முழுவதும் அதன் உருக்கிலும் அந்த உருக்கைச் சூடாக்கிக் குளிரவைத்த விதத்திலும் அடங்கியிருக்கிறது. நல்ல உளியை முதலில் கடினமாக்குவார்கள். பின்னர் ஏறத்தாழ 200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் மறுபடி பதப்படுத்தி, கடினமும் தாங்குதிறனும் சேர்ந்து நிற்கும் நிலைக்குக் கொண்டுவருவார்கள். தச்சு உளிகளுக்கு அந்த நிலை, உருக்கின் கடினத்தைக் குறிக்கும் ரொக்வெல் சி அளவில், பொதுவாக 58 முதல் 62 வரை இருக்கும். அதற்குக் குறைந்தால் முதிரையில் துளை எடுக்கும்போது கூர் மடிந்துவிடும், மிஞ்சினால் கூர் பல்லுப்பல்லாக உதிர்ந்துவிடும். பிரித்தானியாவின் ஷெபீல்ட் நகரத்தில் 1828 இல் தொடங்கிய மார்பிள்ஸ் நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய உளித் தொகுதி ஒன்றும், பெயர் எதுவும் இல்லாத மலிவுத் தொகுதி ஒன்றும் எங்கள் பட்டறையில் பக்கம்பக்கமாகப் பாவனையில் இருந்தன. இரண்டையும் ஒரே கல்லில், ஒரே சாய்வில் தீட்டி, ஒரே முதிரைக் கதவுநிலையில் துளை எடுக்க விட்டோம். பெயரற்ற உளி ஒரு துளை முடிவதற்குள் ஒளி தெறிக்கும் வெண்கோடு ஒன்றைக் கூரில் காட்டத் தொடங்கியது; கூர் மடிந்ததற்கு அதுவே அடையாளம். மற்றையது அடுத்தடுத்த துளைகளுக்கும் நின்று பிடித்தது.

இந்த வித்தியாசத்தைத் தீட்டுகல்லில் செலவாகும் நேரமாக மாற்றிப் பார்ப்பதுதான் சரியான கணக்கு. கூர் நிற்காத உளிகளைத் தீட்டுவதற்காக ஒரு தொழிலாளி நாளுக்கு அரை மணித்தியாலம் மேலதிகமாகச் செலவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 25 வேலைநாள் என்றால் அது பன்னிரண்டரை மணித்தியாலம். எட்டு மணித்தியால வேலைநாளில் கணக்கிட்டால் ஒன்றரை நாளுக்கு மேற்பட்ட கூலி. நல்ல உளித் தொகுதிக்கும் மலிவுத் தொகுதிக்கும் இடையிலுள்ள விலை வித்தியாசத்தை அந்தக் கூலியோடு ஒப்பிட்டால், மலிவானது என்று நினைத்தது சில மாதங்களுக்குள்ளேயே விலை கூடியதாகிவிடும். தீட்டும் நேரம் கண்ணுக்குத் தெரிகிற இழப்பு மட்டும்தான். மழுங்கிய உளியைப் பலமாகத் தட்ட வேண்டியிருக்கும்; பலமாகத் தட்டிய உளி வழுக்கும்; வழுக்கிய உளி மரத்தைப் பிளக்கும், கையையும் வெட்டும். எங்கள் பட்டறையின் மூத்த தச்சர் புதிதாக வரும் பையன்களிடம் முதலில் சொல்வது இதைத்தான்: "மனே, தட்டுறது கூடினா உளி மழுங்கிப்போச்சு எண்டு அர்த்தம். கையை நிப்பாட்டு."

முதிரை வெட்டுவதற்கும் ஏற்றிச் செல்வதற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டிய காலம் இது. நல்ல முதிரைப் பலகை கிடைப்பதே அரிது. கிடைத்த பலகையில் ஒரு நிலைக்கால் பிளந்துபோனால் அந்த நட்டம் ஓர் உளியின் விலையை எளிதில் தாண்டிவிடும். நல்ல உளிக்காக வாதாடும்போது நான் முதலில் முன்வைப்பது இந்த மரக் கணக்கைத்தான்.

நல்ல உளியும் தவறான கையில் ஒரே நிமிடத்தில் கெட்டுவிடும் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். மின்சாணையில் அழுத்திப் பிடித்துத் தீட்டும்போது கூர் நீலநிறமாக மாறினால், அந்த இடம் 300 பாகையை அண்மித்துவிட்டது, அங்கே பதம் போய்விட்டது என்று பொருள். நீலம் பட்ட பகுதியை முழுவதும் தேய்த்துக் கழிக்கும் வரை அந்த உளியில் கூர் நிற்காது. சாணையில் வடிவத்தைத் திருத்தும்போது அடிக்கடி தண்ணீரில் தோய்த்தெடுத்து, கூரைக் கையால் கல்லில் முடிப்பதே பாதுகாப்பானது. தடித்த கண்ணாடித் துண்டின் மேல் தண்ணீர்த்தாள் (நனைத்துத் தேய்க்கும் மணல்தாள்) ஒட்டித் தீட்டினாலும் கூர் நன்றாகவே வரும். விலைகூடிய கற்கள் வாங்கப் பணமில்லாதவர்கள் அதற்காகத் தயங்க வேண்டியதில்லை. தேக்குக்கு 25 முதல் 30 பாகைச் சாய்வு போதும். முதிரையில் துளை எடுக்கும் உளிக்கு நாங்கள் 35 பாகை வரை ஏற்றுகிறோம்.

அடுத்தது பலகையை இழைக்கும் சீவுளி. எல்லாக் கருவிகளிலும் தரத்தின் வித்தியாசம் மிக அதிகமாகத் தெரிவது இதிலேதான் என்பது என் முடிவு. இன்று கடைகளில் காணும் இரும்புச் சீவுளிகள் பெரும்பாலும் லெனார்ட் பெய்லி என்ற அமெரிக்கரின் அமைப்பையே பின்பற்றுகின்றன. அவருடைய காப்புரிமைகளை ஸ்டான்லி நிறுவனம் 1869 இல் வாங்கியது. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகும் அந்த அமைப்பு மாறாமல் இருப்பதால், மலிவுச் சீவுளியும் நல்ல சீவுளியும் புகைப்படத்தில் ஒன்றாகவே தோன்றும். வித்தியாசம் வார்ப்பில் இருக்கிறது. வார்ப்பிரும்பை வார்த்து, அதற்குள் தேங்கிய இறுக்கம் நீங்கும்படி செய்த பின்னரே அடிப்பக்கத்தைத் தட்டையாகக் கடைய வேண்டும். அந்தப் பொறுமை காட்டாத இடத்தில் செய்த சீவுளி, கடைந்த பின்னரும் மெல்ல வளையும். நேர்விளிம்பை அடிப்பக்கத்தில் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நடுவில் ஒளிக்கீற்று தெரியும். அப்படிப்பட்ட சீவுளியை எவ்வளவு தீட்டினாலும், அது பலகையின் நடுவை விட்டுவிட்டு ஓரங்களையே இழைக்கும்.

அலகு அமர்ந்திருக்கும் வார்ப்புப் பகுதியையும் கழற்றிப் பார்க்க வேண்டும். மலிவானவற்றில் அந்தப் பகுதி உடலோடு பொருந்தும் இடத்திலும் வண்ணப்பூச்சு பூசியிருக்கும், பொருத்து இறுகாது, கடினமான மரத்தில் அலகு அதிர்ந்து படிபடியாகத் தழும்பு விழும். எங்களிடம் இருப்பது இங்கிலாந்தில் செய்யப்பட்ட பழைய ஸ்டான்லி 5 ஆம் இலக்கச் சீவுளி. ஏறத்தாழ 14 அங்குல நீளமும் 2 அங்குல அலகும் கொண்டது. ஒரு மூத்த தச்சர் தொழிலை விட்டபோது அவருடைய குடும்பத்திடமிருந்து வாங்கினோம். துரு பிடித்திருந்ததைத் தேய்த்து, அடிப்பக்கத்தைக் கண்ணாடியின் மேல் தண்ணீர்த்தாளில் சமப்படுத்தி, அலகைப் புதிதாகத் தீட்டிய பின் முதிரையில் ஓட்டினோம். அலகின் மேல் அமரும் தகட்டைக் கூரிலிருந்து அரை மில்லிமீற்றருக்கும் குறைவான தூரத்துக்குக் கொண்டுவந்து இறுக்கியபோது, இரு பக்கமும் சாய்ந்து ஓடும் நார் பிய்யாமல் மெல்லிய சுருளாக எழும்பியது; இழைத்த முகம் பட்டுப்போல மின்னியது. அந்த முகத்துக்கு மணல்தாள் ஏறக்குறைய தேவையே இல்லை. மேல்தகட்டை அவ்வளவு நெருக்கமாக வைப்பதற்குத் தகடும் அலகும் இடைவெளியே இல்லாமல் ஒட்டி அமர வேண்டும். மலிவுச் சீவுளிகள் தோற்கும் இடம் அதுவே, ஏனெனில் இடையில் தூள் புகுந்து அடைத்துக்கொள்ளும்.

புதிய நல்ல சீவுளியின் விலை இன்று பலருக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த ஒரு டொலர் அதே ஆண்டு மே மாதத்தில் 360 ரூபாயை எட்டியதை மறந்தவர் எவருமில்லை. இறக்குமதிக் கருவிகளின் விலை அதற்குப் பின் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஆகவே பழைய சீவுளியை வாங்கித் திருத்துவதையே இளையவர்களுக்கு நான் மனமாரப் பரிந்துரைக்கிறேன். வாங்கும்போது மேற்பரப்புத் துருவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது தேய்த்தால் போகும். வாய்ப்பகுதியில் வெடிப்பு இருக்கிறதா, பக்கச்சுவரில் ஒட்டிய அடையாளம் இருக்கிறதா, அலகில் இன்னும் போதிய நீளம் மிச்சமிருக்கிறதா என்பவற்றை மட்டும் பார்க்க வேண்டும். வெடித்த வார்ப்பிரும்பை மீட்பது வீண் வேலை.

கைவாளைப் பற்றி என் கருத்து சிலருக்கு வியப்பாக இருக்கலாம். இன்று விற்கும் வாள்களில் பெரும்பாலானவற்றின் பற்கள் நுனியில் கருநீலமாக இருக்கும். மின்தூண்டலால் சூடாக்கிக் கடினமாக்கப்பட்ட அந்தப் பற்களை அரத்தால் தீட்ட முடியாது, ஏனெனில் பல்லும் அரமும் ஒரே கடினம். மழுங்கினால் கழிக்க வேண்டியதுதான். ஆயினும் சுவீடனின் மீனும் தூண்டிலும் பொறித்த பஹ்கோ வாள் போன்ற நல்லதொன்றை வாங்கினால் அந்தக் கடினப் பற்கள் முதிரையிலும் நீண்ட காலம் உழைக்கும். முக்கோண அரத்தால் தீட்டக்கூடிய பழைய வகை வாளைத் தேடிப் பிடித்து, பற்களைத் தீட்டி, ஒன்றுவிட்டொன்றாகச் சாய்த்து வைக்கும் கலையைக் கற்றவருக்கு அது வாழ்நாள் கருவி. கற்க நேரமில்லாதவர் கடினப்பல் வாளையே வாங்கட்டும், அதில் குறையொன்றுமில்லை.

குறட்டில் விலையைவிடப் பெரிய விடயம் ஒன்று இருக்கிறது. மின்வேலை செய்பவர்கள் பலர் சாதாரணப் பிளாஸ்டிக் பிடியிட்ட குறட்டை வைத்துக்கொண்டு மின்கம்பியைத் தொடுகிறார்கள். அந்தப் பிளாஸ்டிக் கைக்கு வசதிக்காகப் போட்ட உறை மாத்திரமே. மின்சாரத்தைத் தடுக்கும் என்று எவரும் உறுதி கொடுத்ததல்ல. ஐஈசி 60900 என்ற சர்வதேசத் தரத்தின்படி சோதிக்கப்பட்ட கருவியில் இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் இருக்கும். 1882 இல் தொடங்கிய ஜேர்மனியின் க்னிபெக்ஸ் போன்ற நிறுவனங்களின் காப்புறையிட்ட குறடுகள் விலை கூடியவைதாம், ஆனால் ஈரக் கையோடும் ஈரச் சுவரோடும் வேலை செய்ய நேரும் மழைக்காலத்தில் இந்தச் செலவை எவரும் மிச்சம் பிடிக்கக் கூடாது. அத்தகைய கருவியை வைத்திருந்தாலும் முதலில் மின்சாரத்தை நிறுத்திவிட்டே வேலை தொடங்க வேண்டும் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பட்டறைக்கு வெளியே, வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் வேளாண்மை செய்யும் எங்கள் உறவினர்களின் மண்வெட்டியையும் இங்கே சேர்த்துக்கொள்கிறேன். பெரும்போகத்துக்கு முன் வட்டை முழுவதும் வரம்பு செதுக்கும் கைக்கு மண்வெட்டியின் தரம் முதுகு நோவாகவே தெரியவரும். இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டன் நகரத்தில் உருவான சில்லிங்டன் நிறுவனத்தின் முதலை மார்க் மண்வெட்டியை முதியவர்கள் இன்றும் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். காம்பு நுழையும் கண்ணும் தகடும் ஒரே உருக்கில் அடித்து எடுக்கப்பட்டவை என்பதே அதன் பெருமை. கண்ணைத் தனியாகச் செய்து ஒட்டிய மண்வெட்டி, வேரில் மாட்டியவுடன் ஒட்டிலே விடும். வாங்கும்போது தகட்டின் பளபளப்பை விட்டுவிட்டு அந்தக் கண்ணைச் சுற்றிப் பார்க்க வேண்டும்.

தரம் என்றாலே வெளிநாட்டுப் பெயர் என்று நினைப்பது பெருந்தவறு. கத்தியும் கோடரியும் தாக்கத்தியும் எங்கள் ஊர்க் கொல்லரிடம் வாங்குவதே மேல் என்று துணிந்து சொல்வேன். பழைய லொறி ஸ்பிரிங் தகட்டை அவர்கள் சூடாக்கி அடித்து உருக்கொடுக்கிறார்கள்; பாரத்தைத் தாங்கி வளைந்து மீள்வதற்கென்றே செய்யப்பட்ட அந்த உருக்கு, நன்றாகத் தோய்த்துப் பதப்படுத்தினால் கடைக் கத்திகள் எதுவும் கிட்ட வர முடியாத கூரைத் தரும். அதைவிட முக்கியமாக, மழுங்கியபின் அதே கொல்லரிடம் கொண்டுபோய் மறுபடி அடித்துத் தோய்த்து வாங்கலாம். இந்தக் கைத்தொழில் பட்டறை பட்டறையாக மூடப்பட்டு வருவது எனக்கு உண்மையான கவலையைத் தருகிறது. வேலை கொடுத்தால்தான் அவர்கள் உலை அணையாமல் இருக்கும்.

விலை கூடியதை வாங்கத் தேவையில்லாத இடங்களும் உண்டு. சுத்தியலின் தலை உறுதியாகப் பொருந்தி, முகம் உதிராமல் இருந்தால் போதும். காம்பை எங்கள் ஊர் மரத்திலேயே போட்டுக்கொள்ளலாம். பலகையைப் பொருத்திப் பிடிக்கும் கவ்விகளில் நடுத்தரமானவை நன்றாகவே உழைக்கின்றன. அளவுநாடா எந்த நிறுவனத்தினுடையதானாலும் மணலும் உப்பும் புகுந்து ஒருநாள் கெட்டுப்போகும். ஆனால் ஒரு வேலையைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே நாடாவால் அளக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. மூலைமட்டம் மட்டும் இதற்கு விதிவிலக்கு. அது சரியாக 90 பாகை காட்டாவிட்டால் அதன்பின் செய்யும் எல்லாம் கோணல். கடையிலேயே நேரான பலகையின் ஓரத்தில் வைத்து ஒரு கோடு கீறி, மட்டத்தைப் புரட்டி வைத்து அதே புள்ளியில் மறுபடி கீறினால் இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக விழ வேண்டும். விலகினால் அதை மேசையிலேயே விட்டுவிட்டு வரலாம்.

வாங்கிய கருவியைக் காப்பாற்றுவதில்தான் முதலீடு நிலைக்கிறது. வியர்வைக் கையால் தொட்ட உருக்கைத் துடைக்காமல் பெட்டிக்குள் வைத்தால் விரலடையாளம் அப்படியே துருவாகப் பதியும். வேலை முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, தையல் இயந்திர எண்ணெயை மெல்லிய படலமாகப் பூசுவது எங்கள் வழக்கம். தேங்காயெண்ணெய் பூசுவோரும் உண்டு. அது நாளடைவில் பிசுபிசுத்து மரத்தில் கறையேற்றுவதால் நான் தவிர்க்கிறேன். சீமெந்துத் தரையில் கருவியை வைக்கக் கூடாது. ஈரம் அதன் வழியாகவே ஏறும்.

வாங்கும் இடத்தைப் பொறுத்தவரை, அன்றாடத் தேவைகளுக்கு எங்கள் மாவட்டக் கடைகளும் காத்தான்குடி, கல்முனைக் கடைகளும் போதும். தெரிவு அதிகமாக வேண்டுமென்றால் கொழும்பின் பழைய சோனகத் தெருவுக்குப் போக வேண்டும். எங்கே வாங்கினாலும், பெயர்பெற்ற நிறுவனங்களின் போலிகள் கலந்திருக்கும் என்ற எச்சரிக்கை தேவை. எழுத்து உருக்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறதா அல்லது மேலே ஒட்டியிருக்கிறதா, பொதியின் எழுத்துகளில் பிழை இருக்கிறதா என்று பார்க்கலாம். கடைக்காரர் அனுமதித்தால் உளியின் பக்கவாட்டில், கூருக்கு அண்மையில், புதிய அரத்தை மெல்ல இழுத்துப் பார்க்கலாம். கடினமான உருக்கில் அரம் வழுக்கிக்கொண்டு போகும், மென்மையான உருக்கில் கடித்துத் தூள் எடுக்கும்.

மட்டக்களப்பு தொழில்நுட்பக் கல்லூரியிலோ வேறு பயிற்சி நிலையத்திலோ தச்சுப் பயிற்சி முடித்து, கையில் சிறு தொகையோடு தொழில் தொடங்கும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்லும் வரிசை இது. முதலில் கால், அரை, ஓர் அங்குல அளவுகளில் மூன்றே மூன்று நல்ல உளிகளையும் ஒரு தீட்டுகல்லையும் வாங்குங்கள். பன்னிரண்டு உளி கொண்ட மலிவுத் தொகுதியில் ஒன்பது உளிகள் பெட்டியிலேயே துருப்பிடிக்கும். அதோடு சரியான மூலைமட்டம் ஒன்று. இரண்டாவதாகக் கடினப்பல் வாள். மூன்றாவதாக, முதற் சம்பளங்களில் மிச்சம் பிடித்து, பழைய 4 ஆம் அல்லது 5 ஆம் இலக்கச் சீவுளி. ஊரில் தொழிலை விட்ட மூத்த தச்சர்களின் வீடுகளில் கேட்டால் ஒன்றாவது அகப்படும், கூடவே அதைத் தீட்டும் முறையையும் அவர்கள் சொல்லித் தருவார்கள். சுத்தியலும் கவ்வியும் இருப்பதைக் கொண்டு சமாளிக்கலாம். மின்கருவிகளுக்கு இந்தப் பட்டியல் முடிந்த பின்னரே வாருங்கள்.